ஹம்சாவின் மூக்கு

சீனிவாசபுரத்து மரியசெல்வத்தின் அப்பன், பாட்டன், தாய்மாமன் மூன்று பேர், எல்லாரும் வலைக்காரர்கள். இவனுக்கு மட்டும் அலையில் தலை சுற்றும். அதனால் ஸ்டியரிங் பிடித்தான். மயிலாப்பூரில் மஹதி என்கிற ஏழு மாதக் கர்ப்பிணியை வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வேலை, அவனுடைய பழைய காருக்கு நிலையாகக் கிடைத்திருந்தது.

போன வாரம் பாதி வழியில் அவள் வாந்தி எடுத்துவிட்டாள். "வண்டிக்குள்ள ஒரே நாத்தம். அடுத்த தடவையும் இப்படி இருந்தா வேற வண்டி பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள்.

இன்று பத்து மணிக்குப் போக வேண்டும். விடிந்ததும் வாளியோடு இறங்கினான். நுரை போட்டுக் கழுவினான். ஏசி காற்று வரும் இடுக்குகளில் பழைய டூத் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தான். கதவோரத்து ரப்பரைக்கூட விலக்கித் துடைத்தான். எட்டரைக்குத் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயம். போன வாரமும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே!

மனைவி ஜாஸ்மின் மீன் கூடையை இறக்கிவிட்டு வந்து மோந்தாள்.

"சோப்பு வாசனதான்யா வருது."

"உன் மூக்கப் போய் கேட்டேன் பாரு!"

"உன்னுது மட்டும் இன்னா, மல்லிப்பூவுலயா பொறந்துச்சு?"

தெருமுனையில் இஸ்திரி போடும் ஹம்சா கவிச்சியே தொடாதவள். அவளிடம் ஓடினான்.

"யக்கா, பெட்டிய வெச்சிட்டு வா. வண்டிய மோந்து பாரு."

"நான் இன்னா போலீஸ் நாயாடா?" என்று திட்டிக்கொண்டே வந்து பின்சீட்டில் உட்கார்ந்தவள், உடனே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "தோ, முன்சீட்டுக்கு அடியில. கருவாடு!"

ஜாஸ்மின் தலையில் கைவைத்தாள். வேளச்சேரியில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுபோனபோது பை கிழிந்தது அங்கேதான்.

சீட்டு நகரும் இரும்புத் தடத்தில் விரல் நுழையவில்லை. ஸ்குரூடிரைவர் கருவாட்டை இன்னும் உள்ளே தள்ளியது. மணி ஒன்பதே கால். மரியசெல்வம் வீட்டுக்குள் ஓடி, அப்பனின் தூண்டில் முள்ளை எடுத்து வந்து குப்புறப் படுத்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"கடலுக்குப் போவாதவன் கார்ல மீன் புடிக்கிறான்" என்றாள் ஹம்சா.

அவன் எலுமிச்சம்பழச் சாற்றில் துணியை நனைத்துத் தடம் முழுக்கத் துடைத்தான்.

பத்து மணிக்கு மஹதி ஏறினாள். நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. லஸ் முனை தாண்டும்வரை அவள் கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது. சிக்னலில் அது மெல்ல மடிக்கு இறங்கியது.

"வெயில் கொளுத்தறது. ஜன்னல ஏத்திட்டு ஏசி போடுங்கோ."

நான்கையும் ஏற்றினான். அடுத்த சிக்னல் வரைக்கும் அவனே மூச்சு விடவில்லை.

"அடுத்த வாரம் ஒன்பதரைக்கே வந்துடுங்கோ" என்றாள் அவள்.