மருந்து என்று எழுதிய பலகை

“நாலு எழுத்து படிச்சிட்டா களையப் பத்தித் தெரிஞ்சிடுமாம்மா?” என்று கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் சிரித்தார். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை பராமரிக்கும் ஏரிக்கரையில் சீமைக்கருவேலத்துக்குக் களைக்கொல்லி தெளிக்க வேண்டாம், வெட்டிவிடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்றார். அது உண்மைதான்.

தெளித்தார்கள். கரையில் வைக்கும் எச்சரிக்கைப் பலகையை நான்தான் எழுதினேன். எல்லோரும் பேசுவதுபோல் ‘மருந்து அடிக்கப்பட்டுள்ளது’ என்று போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் எழுத்து ஊர் பார்க்க நின்றது பெருமையாக இருந்தது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, அம்மா அந்தக் கரையில் பறித்த பொன்னாங்கண்ணியை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பலகையப் பார்க்கலையாம்மா?”

“நீ எழுதினதாச்சே, படிக்கச் சொல்லிக் கேட்டேன்டி. மருந்துன்னுதானே போட்டுக்கீது? கொசு மருந்துன்னு நெனச்சேன். கழுவினா போய்டும்.”

கூடப் போன மூன்று பெண்களும் பறித்திருந்தார்களாம். கீரையைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு அந்த வீடுகளுக்கு ஓடினேன். ஒரு வீட்டில் கடைந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நேராகக் கரைக்குப் போய், யாரையும் கேட்காமல், ‘மருந்து’ என்பதை அடித்து மேலே ‘விஷம்’ என்று எழுதினேன்.