இன்னொரு சுற்று

சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவினால்தான் மெக்கானிக் அண்ணைக்கு வேலை தொடங்கும். வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. வீட்டிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையோடு வருவார். அதன் பையில் அடையாள அட்டையும் பொலிஸில் பதிந்த துண்டும் இருக்கும். அந்த யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தவர் அவை இல்லாமல் கொழும்புத் தெருவில் கால் வைக்க முடியாது. சட்டையில் எண்ணெய் பட்டால் மனைவி பேசுவாள் என்று அதை ஆணியில் விட்டு, கறுத்துப்போன பெனியனோடு குந்துவார்.

என்னுடைய சின்ன மோட்டார் சைக்கிளில் அப்போது டக், டக் என்று ஒரு சத்தம். மெதுவாகப் போனால் மெதுவாக, விரைவாகப் போனால் விரைவாக. எஞ்சின் போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். நான் வேலை செய்த கந்தோரில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பட்டம். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் வெளிக்கிட மாட்டேன்.

அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டினார். சத்தம் கூடவே வந்தது.

“எஞ்சின் நிண்ட பிறகும் கேக்குதெண்டா அதில பிழை இல்லை, மிஸ். இது பின்னுக்கு.”

ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லைக் கையால் மெல்லச் சுற்றினார். செயின் ஓடும் பற்சில்லின் பற்களைத் தடவிப் பார்த்து, தேயவில்லை என்றார். செயினில் ஒரேயொரு கண்ணி துருவேறி மடங்காமல் நின்றது. பல்லில் ஏறும்போதெல்லாம் அதுதான் இடித்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி, அதை இளக்கினார். பிறகு ஒழுங்கையில் மேலும் கீழுமாக ஓடிக் காட்டினார். சத்தம் இல்லை. எனக்கும் கேட்கவில்லை, அதை இன்றாவது எழுதியாக வேண்டும். ஆனாலும், “காலி வீதியில வேகமா ஓடினாக் கேக்குமோ தெரியாது. இன்னொருக்கா ஓடிப் பாருங்கோவன்” என்றேன்.

“மிஸ்ஸுக்கு நம்பிக்கை வராது” என்று சிரித்தபடி, பெனியனோடே ஏறிப் போனார். சட்டை ஆணியில் கிடந்தது. இரண்டு பேருக்கும் அது நினைவில் வரவில்லை.

அன்று அவர் போன தெஹிவளைப் பக்கம் திடீரென்று வீதியை மறித்துச் சோதித்தார்கள். அடையாள அட்டை இல்லாதவர்களை ட்ரக்கில் ஏற்றினார்கள் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு பொலிஸ் நிலையத்தில் என் மோட்டார் சைக்கிளைத் தந்தார்கள். பதிவுப் புத்தகத்தைக் காட்டிக் கையெழுத்து வைத்தேன். பக்கத்தில் நின்ற அண்ணையின் மனைவி அவருடைய அட்டையை நீட்டினாள். அப்படி ஒருவரை இங்கே கொண்டுவரவில்லை என்றார்கள். பிறகு எத்தனையோ வாசல்களில் அவளோடு போய் நின்றேன். எல்லா இடத்திலும் அதே பதில்தான்.

இப்போது அவள் கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

“அண்டைக்கு என்ன பழுதக்கா?”

“செயின்.”

“பாக்காமல் விட்டா ஆபத்தோ?”

“ஓம்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “அப்ப அவர் ஓடிப் பாக்கத்தானே வேணும்” என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள்.