பச்சையம்மாள் அக்காவுக்கு அந்த மாலை வேண்டாம்

ஒடுகத்தூர் சந்தையருகே ஜீப்பை நிறுத்தியிருந்தபோது அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்கண்ணா. மேல வாங்க" என்று அழுதார்.

ஜவ்வாதுமலையில் சாமை பயிரிட்டு வாழ்ந்த பச்சையம்மாள் அக்காவைப் பார்க்காதவர்களும் அவர் குரலை அறிவார்கள். தேர்தல் வந்தால் நான் ஜீப் ஓட்டுவேன். பக்கத்தில் அமர்ந்து அவர் மைக் பிடிப்பார். கீழேயிருந்து வந்த முகம் தெரியாத ஒரு வேட்பாளரை "இவரு நம்ம வூட்டுப் பிள்ளைங்க" என்று ஊர் ஊராகச் சொல்லி ஜெயிக்க வைத்தது அந்தக் குரல்தான். அந்த ஆளின் பெயரை எழுத எனக்கு மனமில்லை.

அடுத்த தேர்தலில் தோற்ற அந்த ஆள், மலைக்கு ஆம்புலன்ஸ் கேட்டு மறியல் நடத்தினார். பிரசவ வலியோடு போன ஒரு பெண் வழியிலேயே இறந்திருந்தாள். அவளுக்காக அக்கா மைக்கில் கதறினார். இருவர் மீதும் வழக்கு விழுந்தது. பிறகு அந்த ஆள் ஆளுங்கட்சிக்குத் தாவினார். வழக்கிலிருந்து அவர் பெயர் கழன்றது. அக்காவின் பெயர் கழலவில்லை.

"வந்து நமக்குப் பேசும்மா, கேஸை நான் பாத்துக்கறேன்" என்று அக்காவை அழைத்தார்.

"அந்தப் பொண்ணு சாவுக்கு இந்தக் கட்சிக்காரங்கதான் காரணம்னு நீங்கதான சொல்லச் சொன்னீங்க? இப்ப இன்னான்னு பேசறது?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து வந்துவிட்டார்.

அதன்பின் காய்ச்சலிலும் கோர்ட் வாய்தாவுக்காக மலையிறங்கினார். சுவரொட்டிகளிலோ, ஆம்புலன்ஸ் கொண்டுவந்த 'மலைமக்களின் காவலர்' ஆகியிருந்தார் அந்த ஆள்.

கடந்த தேர்தலுக்குப் பழைய கட்சிக்கே திரும்பினார். சமாதானமாகிவிட்டதாகக் காட்ட அக்காவை மேடையேற்றி, மைக்கையும் தானே நீட்டினார்.

"அண்ணன் அந்தக் கட்சிய கொலகாரங்கன்னு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். அப்பறம் அவங்ககிட்டயே போனாரு. இப்ப திரும்பி வந்துட்டாரு. ஆம்புலன்ஸ் கேட்ட கேஸ்ல நான் மட்டும் இன்னும் கோர்ட்டுல நிக்கறேன். இவருக்கு ஓட்டு போடலாங்களா?"

"வேணாம்!" என்றது கூட்டம். மலையில் ஒரு வாக்குச்சாவடியிலும் அவர் முந்தவில்லை. அன்று மேடையிலிருந்து இறங்கி ஜீப்பில் ஏறிய அக்கா, "வண்டிய எடு தம்பி" என்று வாய்விட்டுச் சிரித்தார். அதற்கு முன் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாவு வீட்டுக்கும் அந்த ஆள் வந்தார், கேமராக்களோடு. "என் உடன்பிறவாச் சகோதரி" என்று குரல் தழுதழுக்க ஆளுயர மாலையை அக்காவின் மேல் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கார் மேல் போட்டேன்.

"இன்னா பண்றே?" என்று சீறினார்.

"நீங்க கெளம்புங்க" என்றார் அக்காவின் தம்பி. கூட்டம் விலகி வழிவிட்டது.

மண் தள்ளும்போது சாரல் விழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவராகவே அக்காவைப் புதைத்தோம். அடுத்த தேர்தலுக்கும் அந்த ஆள் ஏதோ ஒரு கொடியோடு மலையேறுவார். ஜீப் என்னிடம் இருக்கிறது, மைக்கும் இருக்கிறது.

நிம்மதியாகப் போங்கள் அக்கா. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.