விழுங்கிய இரண்டு சொற்கள்

மூன்று வருடங்களுக்கு முன், சோளகக் காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டுகிற ஆடி மாதத்தில், மன்னார்த் தீவில் எங்கள் தோட்டவெளியில் நடந்தது இது. அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. மனைவி போய் நாலு வருடம். பிள்ளைகள் இருவரும் பிரான்சில். காலையில் வடித்த சோற்றையே இரவும் சாப்பிட்டுவிட்டு, ரேடியோவோடு வாய்த்தர்க்கம் பண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ஊரில் எனக்கு நல்ல பெயர். எந்தச் செத்தவீட்டிலும் பந்தல் போடுவதும் கதிரை இறக்குவதும் நான்தான். உண்மையில் அது உதவியல்ல, தந்திரம். வெளியே வேலை இருந்தால் உள்ளே போகத் தேவையில்லையே. சாவென்றால் எனக்கு அவ்வளவு பயம்.

அன்று பின்னேரம் மூன்று மணியிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் வேலியடியில் நின்று கூப்பிட்டாள். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தனியே இருப்பவர், கோயிலில் செபமாலை தொடங்கிவைப்பவர், யாருக்கும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற வாய்க்காரி. புற்றுநோய் முற்றி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மகள் வவுனியாவிலிருந்து வந்து நின்றாள். அம்மாவின் மூச்சு மாறிவிட்டது, பாதர் ஓலைத்தொடுவாயில் ஒரு அடக்கத்துக்குப் போயிருக்கிறார், போன் எடுக்கிறாரில்லை, ஓட்டோவில் போய்க் கூட்டிவரும்வரை யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும் என்றாள். பாதரை நானே கூட்டிவருகிறேன் என்று சட்டென்று சொன்னேன். பாருங்கள், அப்போதும் வெளிவேலைதான் வாயில் வந்தது.

“இல்லை மாமா, அம்மா உங்களைத்தான் கேக்கிறா” என்றாள்.

போனேன். கதவடியில் கதிரையைப் போட்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று இருந்தேன். காற்றின் இரைச்சலும் அவருடைய மூச்சும் தவிர அந்த வீட்டில் வேறு சத்தமில்லை. அந்த மூச்சை எனக்குத் தெரியும். என் மனைவிக்கு அது தொடங்கியபோது, சுடுதண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசல் தேத்தண்ணிக் கடைக்கு வந்தவன் நான். பிளாஸ்க் நிறைந்த பிறகும் அரை மணித்தியாலம் அங்கேயே நின்றேன். திரும்பிப் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். கடைசிவரை பக்கத்தில் இருந்தேன் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

அக்கா கண்ணைத் திறந்து, விரலில் சுற்றியிருந்த செபமாலையைக் காட்டினார். ஒருவர் ‘அருள் நிறைந்த மரியே’ என்று முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் மறுபாதியைச் சொல்லி முடிப்பதுதான் எங்கள் வழக்கம். அவர் முணுமுணுத்தார், நான் முடித்தேன். செபமாலையின் மூன்றாவது மணியில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“தம்பி, நடுவில விட்டிட்டீங்கள்.”

எனக்கு முகம் எரிந்தது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவைக் கேட்கும்போது, ‘இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்’ என்று வருகிற இடத்தில், மனைவி போன நாளிலிருந்து ‘இப்பொழுதும் எங்கள்’ என்பதோடு தாண்டிவிடுவேன். ‘மரண நேரத்திலும்’ என்ற இரண்டு சொற்களையும் விழுங்கிவிடுவேன். தனியே செபிக்கிறவனை யார் திருத்தப்போகிறார்கள்? நாலு வருடத்தில் என் செபத்தைக் காதால் கேட்ட முதல் ஆள் அக்காதான். பழகிப்போச்சு என்று மழுப்பினேன். அவர் விடவில்லை.

“முழுசாச் சொல்லுங்கோ. எனக்கு இண்டைக்கு வேண்டியது அந்த இடம்தானே.”

வெளியே இருந்த கால் ஓடத் தயாராகத்தான் இருந்தது. ஆண்டவரே, இந்த ஒருமுறை என்னை ஓடவிடாதேயும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டேன். சொன்னேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லச் சொல்ல, அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விளக்கத் தெரியாது.

நாலாம் பத்து மணிகளைச் சொல்லும்போது அவருடைய முணுமுணுப்பு நின்றது. இரண்டு பாதியையும் நானே சொன்னேன். மகளும் பாதரும் வந்தபோது மூச்சு இருந்தது. பாதர் நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தார். சற்று நேரத்தில் அக்கா போய்விட்டார். அவருடைய கை என் கைக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒருபாட்டம் அழுதேன். அந்த அழுகையில்தான் ஒன்று விளங்கியது. என் மனைவி முப்பது வருடமாக, ஒவ்வொரு பின்னேரமும், அந்த வேண்டுதலை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னவள். அத்தனை தரம் கேட்டவளை அந்த அரை மணித்தியாலம் மாதா தனியே விட்டிருக்கமாட்டா. நான்தான் அங்கே இல்லை. மறுநாள் பிள்ளைகளுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். மகள் முழுவதையும் சொல்லி முடிக்க விட்டாள். பிறகு, சாப்பிட்டீங்களா அப்பா என்று கேட்டாள்.

இன்றும் தனியாகத்தான் செபிக்கிறேன், சத்தமாக, முழுதாக. எனக்கு அந்த நேரம் வரும்போது பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பாரோ தெரியாது, ஆனால் வரவேண்டிய மாதாவிடம் தினமும் கேட்டு வைத்திருக்கிறேன்.