தேர்வுக்கு வந்த அக்கா

நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலைப் பட்டத்துக்கு ஆன்லைனில் படித்தேன். உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. நான் டூட்டி முடிந்து வந்ததும் பிரஷர் பார்க்கச் சொல்லி யாராவது கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடைசி வாய்மொழித் தேர்வன்று கதவைத் தாழ்போட மறந்துவிட்டேன்.

லேப்டாப் திரையில் பேராசிரியர். "நோயாளிகள் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பீங்க?" என்று அவர் கேட்ட நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா நுழைந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாலேயே போகச் சொன்னேன். அவரோ திரையை எட்டிப் பார்த்தார். பேராசிரியரையும் என்னிடம் வந்த நோயாளி என்றே நினைத்துவிட்டார்.

"எனக்கு இன்னா அவசரம்? மொதல்ல வந்தவருக்குப் பாத்து அனுப்பு. நான் குந்திக்கினு கீறேன்."

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதில் சரிதான். அடுத்த ஆளைப் பாருங்க" என்றார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேர்ச்சி பெற்ற செய்தி வந்ததும் முதல் லட்டை அக்காவுக்குத்தான் கொண்டுபோனேன். வாயில் போட்டுக்கொண்டே அவர் கவலையோடு கேட்டார்:

"அந்த கம்ப்யூட்டர் சாருக்கு பிரஷர் எறங்கிச்சா?"