வெம்பக்கோட்டை அணையும் சாய்ந்த புளியங்கொட்டையும்

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து வெம்பக்கோட்டை அணைக்குப் போய் வந்தேன். அணை நிரம்பிவிட்டது என்று போனில் ஆளாளுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த வாரம் அது. நான் தண்ணீர் பார்க்கப் போகவில்லை. அங்கே ஒரு தாய ஆட்டம் பாதியில் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. அதை முடிக்கப் போனேன். நீங்கள் தண்ணீர் பார்க்கத்தான் போவீர்கள். உங்களுக்காக வழி, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். போனில் பேசினால் அதுவே எழுத்தாகிறது. 'மதினி' என்று சொன்னால் 'மதிய நீ' என்று போடுகிறது. திருத்தித்தான் இருக்கிறேன், ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தால் சரியாக வாசித்துக்கொள்ளுங்கள்.

மதினி என்பது என் அண்ணன் மனைவி. நான் விருதுநகருக்கு வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. துணி துவைத்து, சோறாக்கி, மிச்சமிருக்கிற நேரத்துக்கு அணைதான். அணை என்று பேர்தானே தவிர அப்போதெல்லாம் பாதி வருஷம் உள்ளே ஆடு மேயும். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். கரையிலிருந்து இறங்கி உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் கட்டில் அகலத்துக்கு ஒரு தட்டைப் பாறை. அதில் மதினி ஆணியும் சுத்தியலும் வைத்துத் தாயக்கட்டம் கொத்தினார். ஒரு வேலிக்கருவை மரம் நிழல் கொடுத்தது. வாரம் முழுக்க மருந்து வாடையும், சோதனைக்கு வெடித்துப் பார்க்கிற சத்தமுமாக இருந்துவிட்டு, அங்கே போய் உட்கார்ந்தால் புளியங்கொட்டை பாறையில் விழுகிற சத்தம் மட்டும்தான். வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசு கொண்டாட்டம். எங்களுக்கு அது கேட்காத இடம்தான் கொண்டாட்டம்.

தாயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். உருட்டிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை கட்டம் காயை நகர்த்தலாம். உங்கள் காய் இருக்கிற கட்டத்தில் எதிராளி வந்து விழுந்தால் அது வெட்டு. காய் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். எல்லாக் காயும் நடுக்கட்டத்துக்குப் போனால் பழம், ஜெயித்தீர்கள்.

பாதியில் நின்ற அந்த ஆட்டத்தில் என் கடைசிக் காய், வளையல் துண்டு, வெட்டே விழாத உள்வரிசைக்குள் நுழைய ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. மதினியின் செங்கல் துண்டு மூன்று கட்டம் பின்னால் நின்றது. மதினி உருட்டினார். இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு. நான்காவது கொட்டை பாறை வெடிப்பில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நின்றது, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. சாய்ந்த கொட்டை செல்லாது, திரும்ப உருட்ட வேண்டும். உலகத்துக்கே தெரியும். மதினி மூன்று என்று எண்ணி என் காயை வெட்டினார். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அது என் கடைசி மகளுக்கு நிச்சயம் பண்ணின மாதம். இப்போது அவள் பையன் பள்ளிக்கூடம் போகிறான். நடுவில் எத்தனையோ கல்யாணம், காதுகுத்து. ஒரே பந்தியில் உட்கார்ந்து முகம் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறோம்.

ஐப்பசிக் கடைசியில் மதினியின் மகள் போன் போட்டாள். அம்மாவைத் தன் அண்ணன் ஓசூருக்குக் கூட்டிப்போகிறான், கார்த்திகையோடு சரி, இனி அங்கேதான் என்றாள். மறுநாள் நானே போன் போட்டு, "வர்ற நாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் அணையில இருப்பேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு. வரச் சொல்லல. இருப்பேன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரைக்கு சிவகாசி பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக முக்கால் மணி நேரம். தீபாவளி முடிந்து கம்பெனிகள் இன்னும் திறக்காத நேரம், அதனால் உட்கார இடம் கிடைத்தது. சீசனில் போனால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே படியேறிப் போகிற டீக்கடையில் குடிக்காதீர்கள். ஒரு தடவை எனக்குப் பாதி கிளாஸ் நுரையைக் கொடுத்து முழுக்காசு வாங்கினான். அந்த ஆள் இப்போது இல்லை, அவன் மகன்தான் ஆற்றுகிறான். இருந்தாலும் நான் குடிக்கவில்லை.

அங்கிருந்து வெம்பக்கோட்டைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழி நெடுகக் கரிசல் காடும், தள்ளித் தள்ளிக் கட்டின பட்டாசு ஷெட்டுகளும். மழைக்கு மக்காச்சோளம் பச்சையாக நின்றது. என் கண்ணுக்கு அது வேற ஊர் மாதிரி இருந்தது. ஊரிலிருந்து அணைக்கு நடக்கலாம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் ஆட்டோ பிடிக்கலாம். அறுபது கேட்டார், ஐம்பதுக்கு வந்தார்.

"என்ன பாட்டி, மீன் திங்கவா, செல்பி எடுக்கவா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"தாயம் ஆட" என்றேன்.

"அங்கன எங்க ஆடுவீக?"

"உள்ள பாறை கிடக்குல்லா, அதுல."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பாட்டிக்கு நீச்சல் தெரியுமா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரமாக அந்தத் தண்ணீரைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துப் பார்த்து சந்தோஷப்பட்டேனே தவிர, பாறை அதற்குள்ளேதான் கிடக்கிறது என்று தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று தெரியும். வந்துவிட்டால் எது முங்கும் என்று யோசித்துப் பழக்கமில்லை.

கரைமேல் ஏறிப் பார்த்தேன். அக்கரை வரைக்கும் தண்ணீர், லேசாக அலையடித்தது. நீர்க்காக்கைகள் முங்கி முங்கி எழுந்தன. குடும்பம் குடும்பமாக ஆட்கள், ஐஸ் வண்டி, பஞ்சுமிட்டாய், பலூன். தூண்டில் போட்டுக்கொண்டு சின்னப் பயல்கள். மதகுப் பக்கம் தண்ணீர் விழுகிற இடத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். நான் பாறை எங்கே இருக்கும் என்று கண்ணால் தேடினேன். வேலிக்கருவையின் உச்சிக்கிளை மட்டும் வெளியே தெரிந்தது. அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன்மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

கரையோரம் தகரக் கொட்டகை போட்டு மீன் பொரிக்கிற மாரியம்மா எங்களோடு கம்பெனியில் வேலை பார்த்தவள். அவள் பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து மணி ஆனது. மதினி இப்போது இருப்பது ஆலங்குளம் பக்கம், அங்கிருந்து வந்த பஸ்ஸில் அவர் இல்லை. மகள் தகவல் சொன்னாளோ என்னவோ, சொல்லியும் வரவில்லையோ என்னவோ. மாரியம்மா நான் கேட்காமலே, "வருவாக, வராம எங்க போறாக" என்றாள். பதினொன்றரைக்கு ஓர் ஒயர் கூடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, மதினி கரையில் வந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. பந்தியில் முகம் பார்க்காததால் எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.

என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏட்டி, அணை பெருகிக் கிடக்குன்னு தெரியாதா ஒனக்கு?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் பஸ் ஏறி வந்தீகளாக்கும்?" என்றேன். மரியாதைக்குக் குறைவில்லை, வாங்க போங்க என்றுதான் எப்போதும் சண்டை போடுவேன்.

மாரியம்மா நடுவில் ஒரு தட்டை வைத்தாள். கெண்டை மீன், தட்டு எண்பது ரூபாய், என்னிடம் வாங்கவில்லை. "ரெண்டு பேரும் மொத தின்னுங்க. பெறகு வையலாம்" என்றாள். மிளகாய் தூக்கல், முள் அதிகம். ஆனால் இவ்வளவு புதுசாக விருதுநகரில் கிடைக்காது. மதினி முள்ளை எடுத்துவிட்டு மீனை என் பக்கம் தள்ளினார். பழைய பழக்கம், யோசித்துச் செய்யவில்லை. நானும் தின்றேன்.

தின்று கை கழுவிவிட்டு நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு புளியங்கொட்டைகளை பெஞ்சில் வைத்தேன். முந்தின ராத்திரி வாசல்படியில் தேய்த்தது. மதினி ஒயர் கூடைக்குள் கைவிட்டுத் தாளில் மடித்த நான்கை எடுத்து வைத்தார். அவையும் புதுசு. எட்டுக் கொட்டை இருக்கிறது, கட்டம் தண்ணீருக்குள்.

"கரிக்கட்டை தாரேன், சிமிண்டுத் தரையில போட்டுக்கிடுங்க" என்றாள் மாரியம்மா.

எனக்குச் சம்மதம்தான். எந்தக் காய் எங்கே நின்றது என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மதினி முடியாது என்று தலையாட்டினார்.

"அதெப்படி? பாறையில வெடிப்பு இருக்கு. சிமிண்டுல ஏது? கொட்டை சாஞ்ச எடத்தைக் காட்டணும்ல."

"அப்ப சாஞ்சுச்சுன்னு ஒத்துக்கிடுறீக."

"எங்கன ஒத்துக்கிட்டேன்? சாஞ்சுச்சுன்னு நீ சொல்லுற எடத்தைன்னேன்."

"மாரியம்மா, கேட்டுக்கோ, இப்பம் என்ன சொன்னாகன்னு நீயே சாட்சி."

"எனக்கு எண்ணெய் காயுது" என்று அவள் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். போகிற போக்கில், "பழசை விட்டுட்டுப் புது ஆட்டம் ஆடுங்க, ரெண்டு பேரும் ஊர் போய்ச் சேரணும்ல" என்றாள்.

ஓசூரில் மகன் வீடு நான்காவது மாடி என்று சொன்னார் மதினி. கீழே சிமெண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்களாம், பொம்பளைகள் சாயங்காலம் வந்து உட்காருவார்களாம், பேசுவது தெலுங்கோ கன்னடமோ. "எம்புட்டு நேரம் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்க" என்றார். பிறகு என் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், இரண்டு பக்கமும் தேய்த்திருக்கிறேனா என்று. பார்த்துவிட்டுத் தன் தாளில் மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டார். அவருடையதை என் பக்கம் தள்ளினார்.

"புது ஆட்டம் வேண்டாம்ட்டி. இப்பம் ஆடி நீ செயிச்சேன்னு வையி, அதோட வாயை மூடிக்கிடுவ. பெறகு ஓசூருக்கு எனக்கு யாரு போன் போட்டு வைவா?"

அவர் தள்ளின நான்கு கொட்டையையும் முந்தானையில் முடிந்துகொண்டேன். இத்தனை வருஷம் போன் போடாமல் இருந்தது நான்தான் என்று அவர் சொல்லிக்காட்டவில்லை.

இரண்டரை பஸ்ஸுக்கு மதினியை ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் நகரும்போது, "தண்ணி வத்தட்டும், வாரேன்" என்றார். பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றேன். பிறகு மறுபடியும் கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கொக்கு அதே கிளையில்தான் இருந்தது. வீடு வந்து சேர மாலை ஆறு.

போகிறவர்களுக்கு: ஐப்பசிக் கடைசி முதல் மார்கழி வரை நல்ல காலம், அதுவும் மழை பெய்த வருஷமாகப் பார்த்துப் போங்கள். காலையில் போய்விடுங்கள், மதிய வெயிலுக்குக் கரையில் நிழல் கிடையாது. மதகுப் பக்கம் குளிக்க இறங்காதீர்கள், இழுத்துவிடும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். கழிப்பறைக்கு ஊருக்குள்தான் வர வேண்டும், பெண்கள் யோசித்துக்கொண்டு போங்கள். திரும்புகிற பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால் படம் எடுத்து முடித்ததும் கிளப்பாதீர்கள், கொஞ்ச நேரம் சும்மா உட்கார விடுங்கள்.

இதை எழுதுகிற இன்று தை மாதம் கடைசி. ஊரே இந்தத் தண்ணீர் நிற்கட்டும், இன்னொரு போகம் பார்க்கலாம் என்று வேண்டிக்கொண்டிருக்கிறது. நான் வாரா வாரம் மாரியம்மாவுக்குப் போன் போட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்கிறேன். காட்டு வேலைக்காரர்கள் காதில் விழுந்தால் என்னை அடிக்க வருவார்கள். நேற்று அவள், "பாறை முதுகு லேசா தெரியுதுக்கா, கட்டம் இன்னும் தெரியல" என்றாள்.

உடனே ஓசூருக்குப் போட்டேன். மதினிதான் எடுத்தார். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"சாஞ்ச கொட்டை செல்லாது" என்றேன்.

டிவியை அணைக்கச் சொன்னது கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது.

"செல்லும்" என்றார். "எப்படிச் செல்லாதுன்னு சொல்லு, கேப்போம்."