பல் பதிந்த வெள்ளி

பழைய காசு கைக்கு வந்ததும், காசு சேர்க்கும் மற்றவர்கள் அதில் பொறித்த ஆண்டைப் பார்ப்பார்கள். பல் செட்காரர் கண்ணை மூடிக்கொண்டு விளிம்போரம் தடவுவார். தடவி முடிக்கும்வரை மூச்சுகூட விடமாட்டார்.

எனக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் கட்டியவர் அவர். மெழுகும் பிளாஸ்டரும் மணக்கும் முன்னறை, அலமாரி நிறைய ஊரார் வாய் அச்சுகள். சம்பாத்தியத்தில் பாதி, பெரு நாட்டுப் பழைய வெள்ளிக் காசுகளுக்குப் போகிறது. ஒரு பக்கம் கேடயத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண். ஏன் அந்த நாடு என்றால், "இந்தப் பொம்பள எத்தனை வருஷமானாலும் எழுந்திருக்கவே மாட்டேங்குறா சார், அதான் பிடிச்சுது" என்பார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

போன வருஷம் வந்த ஒரு காசில் பல் தடம் இருந்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கு, இரண்டாவது லேசாகத் திரும்பியிருந்தது. வெள்ளியில் பல் லேசில் இறங்காது, வலி தாங்காமல் கடித்தால்தான் உண்டு என்றார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? மெழுகை அழுத்தி அச்சு எடுத்தார். அலமாரியிலிருந்த ஒன்றோடு அது அச்சு அசலாகப் பொருந்தியது. அது அவர் மனைவியின் வாய். காசுக்கு வயது நூற்றைம்பது.

அடுத்த காசு வேறொரு வியாபாரியிடமிருந்து வந்தது. அதே வரிசை, மூன்றே தடம். எட்டாம் நாள் அந்த அம்மாவுக்கு, காசில் தடமில்லாத அந்தப் பல்லே ஆடி விழுந்தது. அதற்கடுத்த காசில் இரண்டே தடம். இம்முறை மூன்றாம் நாளே இன்னொரு பல் விழுந்தது. காசையும் அச்சையும் நானே சேர்த்துப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"வாங்குறத நிறுத்திடுங்களேன்" என்றேன்.

"நிறுத்துனா மட்டும் நின்னுடுமா? முன்னாடியே தெரிஞ்சா பல்லயாவது செஞ்சு வெச்சுடலாம்ல." குரல் இறங்கியது. "நாலும் போனப்புறம் காசுல என்ன தடம் வரும்? அத நெனச்சாத்தான் சார் தூக்கம் வரல."

மனைவியிடம் அவர் எதையும் சொல்லவில்லை. "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்கு வாய் குறைஞ்சிருக்கான்னு இவரையே கேளுங்க" என்பார் அந்த அம்மா. கட்டின பல் இரண்டும் சொந்தப் பல் இரண்டும் பளிச்சென்று தெரியும்.

நேற்று நான் இருக்கும்போதே அடுத்த காசு தபால் உறையில் வந்தது. அவர் பிரிக்கவில்லை. காகிதத்துக்கு மேலேயே கட்டைவிரலை நெடுநேரம் ஓட்டினார்; ஒரே ஓர் இடத்தில்தான் விரல் தடுக்கியது. அந்த அம்மா எங்களுக்குத் தேநீர் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பூனை செய்த அட்டகாசத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் உறையை மேசையில் கவிழ்த்து வைத்தார். பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்க வைக்கும் பஞ்சை டப்பாவிலிருந்து கிள்ளி, இறுக்கமாக உருட்டி, மனைவி சிரித்து முடிக்கட்டும் என்று கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.